தொற்றுக்கு ஒரு சமயத்தின் பெயர் வந்தபோது: நிஜாமுதீன் 2020, ஒரு நிகழ்வு ஆய்வு

2020 மார்ச் 31 மாலை. தமிழகத்தில் புதிதாக 57 பேருக்குக் கொரோனா என்று சுகாதாரத் துறை அறிவித்தது. அதில் 50 பேர் டெல்லி நிஜாமுதீனில் நடந்த தப்லீக் ஜமாஅத் கூட்டத்துக்குப் போய் வந்தவர்கள். அதோடு மாநிலத்தின் மொத்த எண்ணிக்கை 124 ஆனது. மறுநாள் 110 பேர், அத்தனை பேரும் அதே கூட்டத்தோடு தொடர்புள்ளவர்கள். ஏப்ரல் 2 அன்று 75-ல் 74.

இந்த எண்கள் பொய் அல்ல. அதனால்தான் ஆய்வை இங்கிருந்து தொடங்குகிறேன். பொய்ச் செய்திகளை மட்டும் எடுத்துப் பேசினால் வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் இந்த விவகாரத்தில் உண்மையான எண்களைக் கையில் வைத்துக்கொண்டேதான் கேள்வி திசை மாறியது. "நோய்த் தடுப்பு விதியை மீறினார்களா?" என்று தொடங்கியது, ஒரு வாரத்துக்குள் "இவர்களுக்கு இந்த நாட்டின் மேல் அக்கறை உண்டா?" என்று ஆனது. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஆவணங்கள் உண்டு. இரண்டாவது கேள்வியை ஒரு குடிமகனிடம் கேட்கும் உரிமையே யாருக்கும் இல்லை. ஒன்று மற்றொன்றாக மாறிய வழியைத்தான் இங்கே பின்தொடர்ந்து பார்க்கிறேன்.

நடந்தது

தப்லீக் ஜமாஅத் 1920களில் மேவாத் பகுதியில் மௌலானா முகமது இலியாஸ் தொடங்கிய இயக்கம். முஸ்லிம்களைத் தொழுகைக்கும் அன்றாட மார்க்க ஒழுக்கத்துக்கும் திருப்புவதுதான் அதன் வேலை. தேர்தல் அரசியலில் இறங்குவதில்லை. சிறு குழுக்களாக ஊர் ஊராகப் போய்ப் பள்ளிவாசல்களில் தங்குவார்கள். டெல்லி நிஜாமுதீனில் உள்ள பங்களாவாலி மஸ்ஜித் அதன் தலைமையகம், அதாவது மர்கஸ். அங்கே ஆண்டு முழுவதும் ஆட்கள் வந்து தங்கிப் போவது வழக்கம்.

2020 மார்ச் நடுவில் அங்கே பெரிய கூட்டம் கூடியது. மார்ச் 13 அன்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் செய்தியாளர் சந்திப்பில், கொரோனா சுகாதார அவசரநிலை இல்லை என்று சொல்லப்பட்டது. அதே நாளில் டெல்லி அரசு 200 பேருக்கு மேல் கூடும் கருத்தரங்குகள், விளையாட்டு நிகழ்ச்சிகள் போன்றவற்றுக்குத் தடை போட்டது. மார்ச் 16 அன்று வரம்பு 50 ஆகக் குறைந்தது, சமயக் கூட்டங்களும் அதில் அடங்கின. 22 அன்று மக்கள் ஊரடங்கு, 24 இரவு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிப்பு. ரயில் நின்றது, பேருந்து நின்றது. ஊர் திரும்ப வாகன அனுமதி கேட்டு எழுதியதாக மர்கஸ் நிர்வாகம் சொன்னது. மாத இறுதியில் அந்தக் கட்டடத்திலிருந்து 2,361 பேரை வெளியேற்றியதாக டெல்லி அரசு தெரிவித்தது.

மர்கஸ் நிர்வாகத்தின் மேல் தவறே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிப்ரவரி இறுதியில் இதே இயக்கம் மலேசியாவின் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் நடத்திய கூட்டத்தில் ஏறத்தாழ 16,000 பேர் கலந்துகொண்டார்கள், அதிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தொற்று பரவியிருந்தது. அந்தச் செய்தி தெரிந்த பிறகும் டெல்லியில் கூடியது பொறுப்பில்லாத செயல். அதைக் கடுமையாகக் கேட்பது பத்திரிகையாளரின் கடமை. காவல் நிலையத்தை ஒட்டியே இருக்கும் ஒரு கட்டடத்தில் இத்தனை பேர் தங்கியிருந்ததை நிர்வாகம் எப்படி விட்டது, தொற்று பரவிய நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு விமான நிலையத்தில் என்ன சோதனை நடந்தது என்பவையும் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள்தான். இவற்றுக்கு விவாத மேடைகளில் கிடைத்த நேரம் மிகக் குறைவு.

அதற்கு முந்தைய மாதங்கள்

மார்ச் 31-ஐ மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் இந்த வேகம் புரியாது. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. இந்தியக் குடியுரிமை பெறும் வழியில் மதம் ஓர் அளவுகோலாக நுழைந்ததற்கு எதிராக நாடெங்கும் போராட்டம் எழுந்தது. டெல்லியில் ஷாஹீன் பாக், சென்னையில் வண்ணாரப்பேட்டை. பிப்ரவரி இறுதியில் வடகிழக்கு டெல்லிக் கலவரத்தில் 53 பேர் இறந்தார்கள். மார்ச் 24 காலையில்தான் ஷாஹீன் பாக் பந்தலைப் போலீசார் அகற்றினார்கள்.

ஆக, முஸ்லிம்கள் இந்த நாட்டுக்கு எந்த அளவு சொந்தம் என்ற வாக்குவாதம் தொலைக்காட்சிகளில் ஏற்கெனவே மூன்று மாதங்களாக ஓடிக்கொண்டிருந்தது. யார் யாரைக் கூப்பிடுவது, யார் எதற்குக் கொதிப்பார்கள் என்பதெல்லாம் தெரிந்த விஷயம். ஒரு வாரம் கழித்து நிஜாமுதீன் வந்ததும், அதே மேசையில், பெரும்பாலும் அதே ஆட்களோடு, பழைய கேள்வி தொடர்ந்தது. நோய்த்தொற்று நிபுணர் உட்கார வேண்டிய இடத்தில் கட்சிப் பேச்சாளர் உட்கார்ந்தார்.

சொற்கள்

தமிழில் இதற்கு நிலைத்த சொல் "டெல்லி மாநாடு". தமிழ் வாசகருக்கு மாநாடு என்றால் பந்தல், கொடி, தீர்மானம், திரட்டப்பட்ட கூட்டம். ஆட்கள் வந்து தங்கிப் போகும் ஒரு மார்க்கத் தலைமையகம் அந்தச் சொல்லால் ஒரு திட்டமிட்ட அரசியல் திரளாகக் காதில் விழுந்தது. எழுதியவர்கள் பலர் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை என்றே நம்புகிறேன். நெருக்கடியில் கைக்கு முதலில் வந்த சொல் அது. ஆனால் பிறகு யாரும் அதை மாற்றவும் இல்லை.

வினைச்சொற்கள் இன்னும் மோசம். ஊரடங்கில் வெளியூரில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லா மதத்திலும் இருந்தார்கள். காசிக்குப் போன தமிழக யாத்ரீகர்கள் திரும்ப முடியாமல் "தவித்தார்கள்". வடமாநிலத் தொழிலாளர்கள் "சிக்கிக்கொண்டார்கள்". பள்ளிவாசலில் இருந்தவர்கள் மட்டும் பல செய்திகளில் "பதுங்கியிருந்தார்கள்". தவித்தவரை மீட்கலாம், பதுங்கியவரைப் பிடிக்கத்தான் வேண்டும். ஒரு வினையிலேயே குற்றம் முடிவாகிவிட்டது.

ஆங்கில, இந்தி சேனல்கள் இதைத் தாண்டிப் போயின. சமூக ஊடகங்களில் "கொரோனா ஜிஹாத்" என்ற சொற்றொடர் நாட்டளவில் பரவியது. ஜிஹாத் என்ற சொல் வந்த கணத்தில் எதிர்த்தரப்பு நோயாளியாக இருக்க முடியாது, எதிரியாகத்தான் இருக்க முடியும். கிருமிக்கு ஒரு நோக்கம் கற்பிக்கப்பட்டது, அந்த நோக்கம் நாட்டுக்கு எதிரானது என்று சொல்லப்பட்டது. மதமும் தேசமும் ஒரே சொற்றொடரில் எதிரெதிராக நின்றது இங்கேதான்.

எண்கள்

ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு கணக்கைச் சொன்னது. நாட்டில் அதுவரை 14,378 பேருக்குத் தொற்று, அதில் 4,291 பேர், அதாவது 29.8 சதவீதம், "ஒரே மூலத்தோடு" தொடர்புள்ளவர்கள். தமிழகத்தில் அது 84 சதவீதம், டெல்லியில் 63.

84 சதவீதம் என்று கேட்டால் யாருக்கும் மனம் அதிரும். ஆனால் அந்த எண் எதிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அந்த நாட்களில் சோதனைக் கருவிகள் குறைவு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், தொற்று உறுதியானவர்களோடு தொடர்பில் இருந்தவர்கள் என்று விதி வகுத்துத்தான் சோதனை செய்தார்கள். மார்ச் 31 அன்று தமிழக சுகாதாரத் துறை, டெல்லிக்குப் போனவர்கள் சுமார் 1,500 பேர், திரும்பியவர்கள் 1,131 பேர், தயவுசெய்து முன்வாருங்கள் என்று கேட்டது. வந்தார்கள். ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்கள் தாங்களாகவே வந்து பெயர் கொடுத்தார்கள், சுகாதாரத் துறைச் செயலர் அதற்கு வெளிப்படையாக நன்றியும் சொன்னார். மறுநாள் வந்த அந்த 110-ல் இப்படி முன்வந்தவர்களின் பங்கு உண்டு. எந்தக் குளத்தில் வலை வீசினோமோ அந்தக் குளத்து மீன்தானே வலையில் இருக்கும்? மற்ற குளங்களில் எத்தனை என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

இதைச் சொல்ல ஒரு வரி போதும்: "சோதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்தக் கூட்டத்துக்குச் சென்றவர்களும் அவர்களது தொடர்பில் இருந்தவர்களும்." அந்த வரி தலைப்புச் செய்திகளில் இல்லை. விழுக்காடு மட்டும் இருந்தது. ஒத்துழைத்தவர்களின் ஒத்துழைப்பே அவர்களுக்கு எதிரான சாட்சியாக மாறியது. இந்த விவகாரத்தில் என்னை இன்றும் விட்டுப் போகாத இடம் இதுதான்.

அரசுகளுக்கும் இந்தச் சிக்கல் புரிந்தது. ஏப்ரல் 6 அன்று உலக சுகாதார அமைப்பின் மைக் ரயான், நோயாளிகளை மதம், இனம் சார்ந்து அடையாளப்படுத்தக் கூடாது என்றார். ஏப்ரல் 8 அன்று மத்திய அமைச்சகமே, எந்தச் சமூகத்தையும் பகுதியையும் தொற்றுக்குக் காரணமாகச் சுட்ட வேண்டாம் என்று அறிவுரை வெளியிட்டது. தமிழக முதல்வர் எடப்பாடி பழனிசாமியும் நோய்க்கு மதச்சாயம் பூச வேண்டாம் என்றார். டெல்லி அரசின் தினசரி அறிக்கையில் மர்கஸுக்கென்று தனிக் கட்டம் இருந்தது. டெல்லி சிறுபான்மையினர் ஆணையம் ஆட்சேபித்த பிறகு அந்தப் பெயர் போய் "சிறப்பு நடவடிக்கை" என்றானது. தமிழக அறிக்கைகளிலும் "ஒரே மூலம்" வந்தது. அதற்குள் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெயரை எடுத்தார்கள், சுட்டுவிரல் அப்படியே இருந்தது.

பொய்கள்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் இவை அப்போதே மறுக்கப்பட்டவை. ராய்ப்பூர் எய்ம்ஸில் ஜமாஅத் நோயாளி மருத்துவர்கள் மேல் துப்பினார் என்ற செய்தியை அந்த மருத்துவமனையே மறுத்தது. சஹரன்பூரில் தனிமைப்படுத்தப்பட்டவர்கள் அசைவம் கேட்டு ரகளை செய்து திறந்தவெளியில் மலம் கழித்தார்கள் என்ற செய்தியை மாவட்டப் போலீஸ் பொய் என்றது. போலீஸ்காரர் மேல் ஒருவர் துப்பும் வீடியோ பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தில் எடுத்தது, அவர் ஒரு விசாரணைக் கைதி, ஜமாஅத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. மறுப்புகள் மாவட்டப் போலீசின் ட்விட்டர் கணக்கில் வந்தன. செய்திகள் கோடிக்கணக்கானோர் வீட்டுக் கூடத்தில் வந்தன.

விளைவு தெருவில் தெரிந்தது. காய்கறி வண்டிக்காரரை நிறுத்திப் பெயர் கேட்டார்கள், ஆதார் கேட்டார்கள். உத்தரப் பிரதேசத்தில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் முஸ்லிம் வியாபாரிகளிடம் காய்கறி வாங்காதீர்கள் என்றே பேசினார், அவருடைய கட்சியே அவரிடம் விளக்கம் கேட்டது. ஹிமாச்சலப் பிரதேசத்தில் ஒருவர் ஊராரின் ஏச்சு தாங்காமல் உயிரை விட்டார். பரிசோதனையில் அவருக்குத் தொற்றே இல்லை.

அதே ஏப்ரல் இறுதியில், குணமடைந்த ஜமாஅத் உறுப்பினர்கள் பிளாஸ்மா தானம் செய்ய முன்வந்தார்கள். அதைச் சில ஊடகங்கள் நன்றாகவே காட்டின. ஆனால் அதுவும் ஒரு நிரூபணம் போலத்தான் காட்டப்பட்டது: இதோ பாருங்கள், இவர்களும் நல்லவர்கள், இவர்களும் இந்தியர்கள். ஏன் நிரூபிக்க வேண்டும்? குணமடைந்த மற்றவர்கள் தானம் செய்தபோது அதில் தேசபக்தியை யாரும் தேடவில்லை.

கோயம்பேடு

ஓர் ஒப்பீடு தானாகவே அமைந்தது. ஏப்ரல் 26 முதல் சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்றதும், முந்தைய நாள் மக்கள் கடைகளுக்கு ஓடினார்கள். கோயம்பேடு சந்தையில் நிற்க இடமில்லை. சில நாட்களில் அங்கே வேலை செய்தவர்களுக்கும் வந்துபோனவர்களுக்கும் தொற்று உறுதியாகத் தொடங்கியது. கடலூர், அரியலூர், விழுப்புரம், பெரம்பலூர் என்று லாரிகள் போன திசையெல்லாம் பரவியது. மே 5 அன்று சந்தையை மூடினார்கள். அந்த வாரத்தில் மாநிலத்தின் தினசரி எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது, மே 6 அன்று 771. டெல்லிக் கூட்டத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்ட எண்ணிக்கையைக் கோயம்பேடு விரைவில் தாண்டிவிட்டது.

அப்போது ஊடகங்கள் கேட்டவை நல்ல கேள்விகள். சந்தையை ஏன் முன்பே பிரிக்கவில்லை? வியாபாரிகள் சங்கம் ஏன் இடமாற்றத்துக்குச் சம்மதிக்கவில்லை? மாநகராட்சி என்ன செய்தது? நாலு நாள் ஊரடங்கை அவ்வளவு திடீரென்று அறிவித்திருக்க வேண்டுமா? தக்காளி மண்டிக்காரரின் மதம் என்ன என்று யாரும் கேட்கவில்லை, அவருடைய நாட்டுப்பற்றையும் சந்தேகிக்கவில்லை. அங்கேயும் விதி மீறல் இருந்தது, எச்சரிக்கையை அலட்சியம் செய்தது இருந்தது, பல மாவட்டங்களுக்குப் பரவியதும் இருந்தது. ஒரு தொற்றுத்திரளைப் பற்றி எப்படி எழுத வேண்டும் என்று நம் செய்தி அறைகளுக்கு நன்றாகவே தெரியும். கோயம்பேடு அதற்கு அத்தாட்சி. ஐந்து வாரங்களுக்கு முன்னால் தெரியாமல் போயிருக்க வாய்ப்பில்லை.

வேறு சமயத்தாரிடமும் இது நடந்தது என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தென்கொரியாவின் தேகு நகரில் ஷின்சியோன்ஜி என்ற கிறிஸ்தவப் பிரிவு, பிரான்சின் முல்ஹவுஸ் நகரில் ஒரு சுவிசேஷ சபை. கூடிப் பாடி நெருங்கி அமர்கிற இடம் எதுவானாலும் கிருமிக்கு ஒன்றுதான். பஞ்சாபில் இத்தாலி, ஜெர்மனி போய் வந்த ஒரு சீக்கியப் போதகர் மார்ச் 18 அன்று இறந்த பிறகு, அவர் போன கிராமங்களில் ஆயிரக்கணக்கானோரைத் தனிமைப்படுத்தினார்கள். அது ஒரு மனிதரின் அலட்சியம் என்ற அளவில் நின்றது. நிற்க வேண்டிய இடமும் அதுதான்.

நீதிமன்றங்களும் ஒழுங்குமுறையும்

ஏப்ரல் 2 அன்று உள்துறை அமைச்சகம் 960 வெளிநாட்டவரைக் கறுப்புப் பட்டியலில் வைத்தது. ஜூனில் 2,550 பேருக்குப் பத்தாண்டு நுழைவுத் தடை. வழக்குகள் பல மாநிலங்களில் ஓடின. மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், 31 வெளிநாட்டவர் விஷயத்தில் அவர்கள் பட்டது போதும், ஊருக்குப் போக வழி செய்யுங்கள் என்ற மனநிலையில் உத்தரவிட்டார். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை ஆகஸ்ட் 21 அன்று 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. மர்கஸுக்கு வந்தவர்களுக்கு எதிராக அச்சு, மின்னணு ஊடகங்களில் பெரிய பிரச்சாரம் நடந்தது, பேரிடர் வரும்போது அரசியல் அரசுகள் பலிகடாவைத் தேடும் என்று அந்தத் தீர்ப்பு எழுதியது. குடியுரிமைப் போராட்டங்களையும் அது இதோடு சேர்த்துப் பார்த்தது. அமர்வின் இன்னொரு நீதிபதி முடிவை ஏற்று, சில கருத்துகளிலிருந்து மட்டும் விலகினார்.

அந்தத் தீர்ப்பில் ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். "அதிதி தேவோ பவ" என்று விருந்தினரைத் தெய்வமாக நினைக்கும் நம் மரபுப்படிதான் நடந்துகொள்கிறோமா என்று நீதிபதிகள் கேட்கிறார்கள். ஐந்து மாதங்களாகத் தொலைக்காட்சியில் தேசம் என்பது ஒரு சமூகத்தை நோக்கி நீட்டிய சந்தேகமாக இருந்தது. நீதிமன்றம் அதே தேசத்தின் பெயரால், விருந்தாளிகளைச் சிறையில் வைத்தவர்களைப் பார்த்துக் கேட்டது. தேசிய அடையாளம் பற்றிய விவாதத்தை இப்படியும் நடத்தலாம் என்று செய்தி அறைகளில் யாருக்கும் தோன்றாமல் போனதே என்று வருத்தமாக இருக்கிறது.

டிசம்பர் 15 அன்று டெல்லி மாஜிஸ்திரேட் நீதிமன்றம், வழக்கைச் சந்தித்தே தீர்வது என்று நின்ற 36 வெளிநாட்டவரை விடுவித்தது.

உச்ச நீதிமன்றத்தில் முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் அமைப்பான ஜமியத் உலமா-இ-ஹிந்த் ஊடகங்களுக்கு எதிராகவே வழக்குப் போட்டிருந்தது. அக்டோபர் 8 விசாரணையில் தலைமை நீதிபதி எஸ்.ஏ. பாப்டே, அண்மைக் காலத்தில் மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுத்தப்படும் உரிமை பேச்சுரிமையாகத்தான் இருக்கும் என்றார். மத்திய அரசின் பதில் மனு மழுப்பலாக இருப்பதாகவும் கண்டித்தார். கேபிள் தொலைக்காட்சி விதிகளின் நிகழ்ச்சி நெறிமுறை, மதங்களையோ சமூகங்களையோ தாக்கும் நிகழ்ச்சியை 1994-லிருந்தே தடை செய்கிறது. ஆக, விதி கையில் இருந்தது. அதை யார், எப்போது, எப்படி எடுத்துப் பயன்படுத்துவது என்பதுதான் கேள்வி. 2021 செப்டம்பரில் தலைமை நீதிபதி என்.வி. ரமணா, இணையதளங்களையும் சமூக ஊடகங்களையும் குறிப்பிட்டுப் பேசுகையில், ஊடகத்தின் ஒரு பகுதி எல்லாவற்றையும் மதக் கோணத்தில் காட்டுகிறது, கடைசியில் நாட்டுக்குத்தான் கெட்ட பெயர் என்றார்.

செய்தி சேனல்கள் தாங்களே அமைத்துக்கொண்ட தர ஆணையம் 2021 ஜூனில்தான் தண்டனை சொன்னது. நியூஸ்18 கன்னடாவுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம், சுவர்ணா நியூஸுக்கு 50,000 ரூபாய், டைம்ஸ் நவ்வுக்குக் கண்டனம். ஒளிபரப்பு 2020 ஏப்ரலில் நடந்தது, உத்தரவு பதினான்கு மாதம் கழித்து வந்தது. பிரைம் டைம் விளம்பரக் கணக்கில் ஒரு லட்சம் எவ்வளவு சின்ன தொகை என்று அந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தத் தண்டனைச் செய்தியைப் பார்த்தவர் எத்தனை பேர், அந்த விவாதத்தைப் பார்த்தவர் எத்தனை பேர்!

மதச்சார்பின்மை ஊடகத்திடம் கேட்பது

மதத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சமய அமைப்பு தவறு செய்தால் அதன் பெயரைச் சொல்லித்தான் எழுத வேண்டும். "தப்லீக் ஜமாஅத் நிர்வாகம் எச்சரிக்கையை அலட்சியம் செய்தது" என்பது நேர்மையான வாக்கியம். அதற்கு ஓர் அமைப்பு பொறுப்பேற்க வேண்டும், சில மனிதர்கள் பதில் சொல்ல வேண்டும். "முஸ்லிம்கள் பரப்பினார்கள்" என்பதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது, ஏனென்றால் அதில் குறிப்பிட்ட ஆளே இல்லை. அப்புறம் அந்தப் பழி நிஜாமுதீனையே பார்த்திராத ஒரு பழவண்டிக்காரரின் தலையில் போய் உட்கார்ந்தது.

விவாத மேசையில் யாரை உட்கார வைப்பது என்பதும் இதில் உண்டு. தொற்றைப் பற்றிய விவாதத்துக்கு ஒரு மௌலானாவையும் ஒரு சாமியாரையும் எதிரெதிரே உட்கார வைத்தபோதே அது தொற்றைப் பற்றிய விவாதம் இல்லை என்றாகிவிட்டது. அதில் அந்த மௌலானா எவ்வளவு நன்றாகப் பேசினாலும், ஒரு முழுச் சமூகத்தின் சார்பாகக் குற்றவாளிக் கூண்டில் நின்றுதான் பேசியாக வேண்டும். அந்த அழைப்பையே மறுத்திருக்கலாம் என்று இன்று சொல்வது எளிது. மறுத்திருந்தால் "ஓடிவிட்டார்கள்" என்றிருப்பார்கள்.

2025 ஜூலை 17 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி நீனா பன்சால் கிருஷ்ணா, வெளிநாட்டு ஜமாஅத் உறுப்பினர்களுக்குத் தங்க இடம் கொடுத்ததற்காக 70 இந்தியர்கள் மேல் இருந்த 16 வழக்குகளை ரத்து செய்தார். அவர்கள் நோயைப் பரப்பினார்கள் என்பதற்குக் குற்றப்பத்திரிகைகளில் எதுவும் இல்லை என்று தீர்ப்பு பதிவு செய்தது. ஊரடங்கு திடீரென்று அறிவிக்கப்பட்ட பிறகு அந்த மனிதர்கள் எங்கே போயிருக்க முடியும் என்றும் கேட்டது. அதற்குள் ஐந்து ஆண்டுகளும் மூன்று மாதங்களும் போயிருந்தன.